சிட்லிங்கி மருத்துவமனையின் வாரிசுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை போன்ற சிற்றூர்களில் மருத்துவமனை எப்படித் தலைமுறை மாறுகிறது என்பது அங்கே வளர்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மருத்துவர் முப்பது ஆண்டுகள் ஒரே தெருவில் இருந்து கைராசிக்காரர் என்று பெயரெடுத்துவிட்டால், மகனை எலும்பு முறிவுக்கோ பொது மருத்துவத்துக்கோ படிக்க வைப்பார். மருமகளை மகப்பேறு மருத்துவராகவே பார்த்து எடுப்பார். பெயர்ப்பலகையில் இரண்டு பெயர்கள் கூடும், நோயாளிகள் "பெரிய டாக்டரா, சின்ன டாக்டரா?" என்று கேட்டுச் சீட்டு வாங்குவார்கள். இந்த ஏற்பாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தாத்தாவுக்கு இளைப்பு இருந்ததும், அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாததும், மூத்த அக்காவுக்கு முதல் பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் போனதும் ஏட்டில் இல்லாமலே நினைவில் இருக்கும் மருத்துவக் குடும்பம் ஒரு ஊருக்குக் கிடைப்பது பெரிய பேறு.

ஆனால் இந்த ஏற்பாடு கடைவீதியும் பேருந்து நிலையமும் நல்ல பள்ளிக்கூடமும் உள்ள ஊரில்தான் நடக்கும். அவை ஏதும் இல்லாத ஒரு மலைப்பள்ளத்தாக்கில் வெளியூரிலிருந்து வந்த மருத்துவத் தம்பதி ஒரு மருத்துவமனையைத் தொடங்கினால், அது அவர்கள் காலத்தைத் தாண்டி நிற்குமா, நின்றால் யார் கையில் நிற்கும் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியை எடுத்துக்கொண்டதற்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே அந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்ணுக்கு முன்னால் உருவாகிவந்திருப்பதே காரணம். மருத்துவர்களின் சொந்தப் பிள்ளைகளைப் பற்றியோ அவர்கள் வீட்டைப் பற்றியோ இதில் பேச்சில்லை. மருத்துவமனை என்ற குடும்பத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

1993க்கு முன்

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையில் கிடக்கும் பள்ளத்தாக்கு சிட்லிங்கி. அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாக அங்கே போக வேண்டும். தூரம் 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இன்னொரு பக்கம் மலையேறி இறங்கினால் சேலம் மாவட்டத்துத் தும்பல் வரும். பள்ளத்தாக்கில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தாரோ என்று எண்ணிவிடக் கூடாது, மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது, அவர்கள் பேச்சு தமிழ்தான். லம்பாடி இனத்தாரின் குடியிருப்புகளான தாண்டாக்களும் உண்டு. சாமை, கேழ்வரகு, மஞ்சள், பருத்தி, மரவள்ளி ஆகியவை அங்கத்துப் பயிர்கள்.

1990களின் தொடக்கத்தில் இங்கே ஒருவருக்கு வயிற்றைத் திறந்து அறுவை செய்ய வேண்டுமென்றால் தருமபுரிக்கோ சேலத்துக்கோதான் போக வேண்டும். பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமலே இறந்துகொண்டிருந்ததாகப் பள்ளத்தாக்கில் வேலையைத் தொடங்கிய மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். இந்திய அளவில் அப்போது அந்த எண் ஏறக்குறைய 74. அதாவது நாட்டின் சராசரியைப் போல் இரண்டு மடங்கு.

இந்த எண் எப்படி உண்டாகும் என்பது என் தாய்வழிக் குடும்பத்துக்குத் தெரியும். சித்தேரி அடிவாரத்துச் சிற்றூர் ஒன்று என் பாட்டியின் ஊர். 1980களில் என் சித்திக்குத் தலைப்பிரசவத்தில் இரண்டாம் நாளும் குழந்தை இறங்கவில்லை. மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி, நான்கு பேர் மாற்றி மாற்றிச் சுமந்து, சாலைக்கு வந்து, காத்திருந்து, ஒரு சரக்கு வண்டியில் ஏற்றி மருத்துவமனை சேர்த்தபோது சித்தி பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை. "கொஞ்சம் முன்னாலயே கூட்டிட்டு வந்திருக்கலாமே அம்மா" என்று அங்கே இருந்த மருத்துவர் வருத்தத்தோடுதான் சொன்னாராம். பாட்டி, "பொழுதோட கிளம்பினோம் சாமி, மலதான் நீளமா இருந்துச்சு" என்றாராம். அந்த மருத்துவர்மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் கோபம் இல்லை. தவறு தூரத்தில் இருந்தது.

தூரத்தோடு இன்னொன்றும் இருந்தது. 1992 ஜூன் 20 அன்று சித்தேரி அடிவாரத்து மலையாளிச் சிற்றூரான வாச்சாத்தியில் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் ஊராரைத் தாக்கி, பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய கொடுமை, 2011இல் தருமபுரி நீதிமன்றத்தாலும் 2023இல் உயர் நீதிமன்றத்தாலும் குற்றமென்று உறுதி செய்யப்பட்டது. அது நடந்த மறு ஆண்டில்தான் சிட்லிங்கியில் மருத்துவமனை தொடங்குகிறது. வெளியிலிருந்து வந்தவர் எவரையும் மலைமக்கள் எளிதில் நம்பியிருக்க முடியாத காலம் அது என்றே நான் கருதுகிறேன். பிறகு கிடைத்த நம்பிக்கையின் எடையை அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு மருத்துவர்கள், ஒரு குடிசை

ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இருவரும் கேரளத்து ஆலப்புழையில் மருத்துவம் படித்தவர்கள். காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை செய்தவர்கள். அங்கே வந்த நோயாளிகளில் பலர், தடுத்திருக்கக்கூடிய நோய்களுக்காக நெடுந்தூரம் வந்தவர்கள் என்பதைக் கண்ட பிறகு, மருத்துவம் இல்லாத இடத்துக்கே போவதென்று முடிவெடுத்தார்கள். ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1993இல் சிட்லிங்கியில் டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சொந்த நிலம் வாங்க வழியில்லாததால், அரசு நிலத்தில் ஊரார் கட்டிக்கொடுத்த மண் குடிசையே முதல் மருத்துவமனை. 1996 வாக்கில் பத்துப் படுக்கைகள் கொண்ட கட்டடம் வந்தது. இன்று 35 படுக்கைகள், அறுவை அரங்கு, ஆய்வகம், செயற்கைச் சுவாசக் கருவி எல்லாம் உண்டு.

இந்த வளர்ச்சியைத் தியாகக் கதையாகச் சொல்வது வழக்கம். தியாகம் உண்மைதான்; ஆனால் ஆய்வு நோக்கில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. லலிதா மகப்பேறு மருத்துவர், ரெஜி மயக்கவியல் மருத்துவர். சிசேரியன் அறுவைக்கு ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டிய இரண்டு பேர் இவர்கள்தான். தமிழகத்தின் வட்டார மருத்துவமனைகளில் அறுவை அரங்கு இருந்தும் சிசேரியன் நடக்காத இரவுகள் எத்தனையோ; பெரும்பாலும் மயக்க மருந்து கொடுப்பவர் இல்லாததே காரணமாக இருக்கும். சிட்லிங்கியில் அந்த இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மருத்துவக் குடும்பம் என்ற ஏற்பாட்டின் உண்மையான பலம் இதுதான்: இரவு இரண்டு மணிக்கு யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. சிற்றூர் மருத்துவர்கள் மருமகளை மகப்பேறு மருத்துவராகப் பார்த்து எடுப்பதும், அறிந்தோ அறியாமலோ, இதே கணக்கில்தான்.

அதே பலம்தான் பலவீனமும். இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அறுவை அரங்கு மூடப்படும். இருவருக்கும் வயதாகும். இரண்டு பேரை நம்பிய மருத்துவமனை அந்த இரண்டு பேரின் ஆயுளைத் தாண்டாது. இதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள் என்பது, அவர்கள் யாரைப் பயிற்றுவிக்கத் தேர்ந்தார்கள் என்பதில் தெரிகிறது.

இரண்டாம் தலைமுறை

வெளியூர்ச் செவிலியரை வரவழைப்பது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமில்லை. வந்தவர் தங்க மாட்டார். ஆகவே பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பள்ளிப்படிப்பு முடித்த அல்லது பாதியில் நின்ற இளம் பெண்களுக்கு மருத்துவமனையிலேயே நீண்ட பயிற்சி தரப்பட்டது. நோயாளியிடம் என்ன கேட்பது, எப்படித் தொட்டுப் பார்ப்பது என்பதில் தொடங்கி, சுகப்பிரசவம் பார்ப்பது, தையல் போடுவது, அறுவை அரங்கில் கருவிகளைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொடுப்பது, ஆய்வகத்தில் சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்ப்பது வரை அவர்கள் கற்றார்கள். இதற்கு வெளியே, ஒவ்வொரு சிற்றூரும் தானே தேர்ந்தனுப்பிய நடுவயதுப் பெண்கள் இன்னொரு வரிசை. படிப்பு இல்லாவிட்டாலும் ஊரில் சொல் எடுபடும் பெண்கள் அவர்கள். கருவுற்றவரைக் கண்டறிவது, பிறந்த குழந்தையை எடைபோடுவது, கொப்பூழ்க்கொடியில் சாணமோ சாம்பலோ படாமல் பார்த்துக்கொள்வது, வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கச் சொல்வது ஆகியவை இவர்கள் பொறுப்பு.

இந்த வேலை சிறியதாகத் தோன்றலாம். குழந்தை இறப்பு 147இலிருந்து ஏறக்குறைய 20க்கு இறங்கியதில் இதன் பங்கே பெரிது என்பது என் கணிப்பு. பிறந்த குழந்தை இறப்பதற்கான காரணங்களில் பெரும்பான்மை, பெரிய மருத்துவரைக் கேட்பவை அல்ல: பிறந்தவுடன் மூச்சு விடாமை, உடல் குளிர்ந்துபோதல், தொற்று. மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் துடைத்து, தூண்டி, பை-முகமூடியால் காற்று கொடுக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் அறையில் யார் இருக்கிறாரோ அவர்தான் அந்தக் குழந்தைக்கு மருத்துவர். எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் ஒட்டி வைத்துக் கட்டினால் சூடு காக்கும். அதற்கு மின்சாரமும் வேண்டாம். இதைச் செய்யச் சொல்பவள் அந்தத் தாயின் அத்தை மகளாகவோ அண்ணியாகவோ இருக்கும்போது, "புள்ளைக்குத் தண்ணி ஊத்தலாமா?" என்று கேட்கும் மாமியாரும் காது கொடுப்பார். வெள்ளை அங்கி அணிந்த அயலாருக்கு அந்தச் செல்வாக்கு கிடைக்கவே பத்து ஆண்டுகள் ஆகும்.

பாம்புக்கடி இன்னொரு சான்று. மலைப்பகுதியில் கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அதிகம் இராது, கடிவாயும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார்கள், பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். நரம்பு முனைகளில் நஞ்சு ஏறியபின் நச்சுமுறி மருந்தால் மட்டும் அதைத் திருப்ப இயலாது. மூச்சை வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் மனிதர் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். ஆகவே உயிரைத் தீர்மானிப்பது, "வயித்து வலின்னு வந்தாரு, ஆனா கண்ணு சொருகுது" என்று இரவுப்பணியில் இருக்கும் பெண் கவனிக்கிறாளா என்பதே. கண்ணாடி விரியனென்றால் வேறு வழி, அதன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது: இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்து, உறையவில்லையென்றால் உடனே நச்சுமுறி ஏற்ற வேண்டும். ஒரு கண்ணாடிக் குழாயும், சுவர்க் கடிகாரமும், பயின்ற கண்ணும் போதுமான சோதனை அது.

இந்தப் பெண்களைத்தான் இந்த மருத்துவமனையின் இரண்டாம் தலைமுறை என்று சொல்கிறேன். மகனும் மருமகளும் வந்து உட்கார்ந்தால் பெயர்ப்பலகை நிலைக்கும்; இவர்கள் நிலைத்தால் மருத்துவமனையின் நினைவு நிலைக்கும்.

வேலூரிலிருந்து ஒரு ஒப்பீடு

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து நெடுஞ்சாலை வழியாக வேலூருக்குப் போகும் நோயாளிகள் பல்லாயிரம். அவர்கள் தேடிப்போகும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையும் ஒரு மருத்துவக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையில் பிறந்ததே. ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கும், 1836இல் சென்னைக்கும் வந்தார். அவருடைய மகன்கள் ஆர்க்காட்டுப் பகுதியில் மருத்துவமும் சமயப் பணியும் செய்தார்கள். பேத்தி ஐடா 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். குடும்ப வேலையே வேண்டாமென்று இருந்தவர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மனம் மாறினார். 1899இல் கார்னெல்லில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1902இல் 40 படுக்கை மருத்துவமனையைத் திறந்தார்.

பலரும் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். என் பார்வையில் முக்கியமான ஆண்டுகள் 1909உம் 1918உம்தான். முன்னதில் செவிலியர் பள்ளி, பின்னதில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. தன் குடும்பத்தில் அடுத்த மருத்துவர் யார் என்று தேடுவதை விட்டு, இந்த ஊரின் பெண்களிலிருந்து மருத்துவர்களை உருவாக்கத் தொடங்கிய நாளில்தான் அந்த மருத்துவமனை ஸ்கடர் குடும்பத்தின் சொத்தாக இல்லாமல் வேலூரின் சொத்தாயிற்று. ஐடா 1960இல் மறைந்தபோது மருத்துவமனைக்கு ஒன்றும் நேரவில்லை. சிட்லிங்கி அளவில் மிகச் சிறியது; அங்கே மருத்துவக் கல்லூரி இல்லை, வரவும் வேண்டாம். ஆயினும் எடுத்த முடிவு ஒன்றே.

பணமும் சட்டமும்

நோய்க்கான காரணம் வயலிலும் வருமானத்திலும் இருப்பதைப் பார்த்துச் சிட்லிங்கி மருத்துவர்கள் இயற்கை வேளாண்மைச் சங்கத்துக்கும், லம்பாடிப் பெண்களின் ‘பொர்கை’ என்னும் கைத்தையல் குழுவுக்கும் துணை நின்றார்கள். பொர்கை என்றால் லம்பாடி மொழியில் பெருமிதம். சில உழவர்களோடு தொடங்கிய சங்கம் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டதாக வளர்ந்தது. இவை தனியே எழுதப்பட வேண்டியவை. இங்கே ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வருமானம் உள்ள பெண் பிரசவத்துக்கு முன்பே மருத்துவமனைக்கு வருகிறாள்.

கட்டண விஷயத்தில் மருத்துவக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை பெரும்பாலும் தடுமாறுவதைத் தருமபுரியில் பார்த்திருக்கிறேன். தந்தை ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் பார்த்தார். மகன் மேற்படிப்புக் கடனோடு வருகிறார், ஸ்கேன் கருவிக்கு வங்கித் தவணை கட்டுகிறார். மகன் பேராசைக்காரர் என்று ஊர் பேசும். அவர் நிலைமையை ஊர் எண்ணிப் பார்ப்பதில்லை. சமூக மருத்துவமனை அறக்கட்டளையாக இருக்கும்போது இந்தச் சுமை ஒரு குடும்பத்தின் தலையில் விழாது. அறைகளும் கருவிகளும் யாருக்கும் பங்கு பிரிக்கப்பட மாட்டா. ஆனால் நன்கொடையை நம்ப வேண்டியிருக்கிறது, அந்தக் கவலை ஆண்டுதோறும் புதிதாக வருகிறது.

சட்டம் இன்னொரு பக்கம் இறுக்குகிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையடுத்து, பணத்துக்கு இரத்தம் தருவது 1998 ஜனவரி முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. உரிமம் பெற்ற வங்கியின் இரத்தம் மட்டுமே ஏற்றலாம். தொற்றுத் தடுப்புக்கு இது மிக நல்ல முடிவு. அதே சமயம், மலையடிவார மருத்துவமனையில் பிரசவ இரத்தப்போக்கோடு கிடக்கும் பெண்ணுக்கு, வாசலில் நிற்கும் தம்பியின் இரத்தத்தைப் பரிசோதித்து நேரே ஏற்றும் வழியும் அடைபட்டது. செவிலியர் விஷயமும் அப்படியே. மருத்துவமனைப் பதிவுச் சட்டம் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்றவர்களைக் கேட்கிறது. மருத்துவமனையே பயிற்றுவித்த பழங்குடிப் பெண், இருபது ஆண்டுகளில் எத்தனை பிரசவம் பார்த்திருந்தாலும், பட்டயச் சான்றிதழ் இல்லாமல் செவிலியர் என்று கையெழுத்திட முடியாது. போலி மருத்துவத்தைத் தடுக்கும் சட்டம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இப்பெண்களின் அனுபவத்தை மதிப்பிட்டு, குறுகிய இணைப்புப் பயிற்சி வழியாகப் பட்டயம் பெற வழி செய்யாதது நியாயமில்லை. இவர்களில் இளையவர்களை முறையான செவிலியர் கல்லூரிக்கு அனுப்பி, படிப்பு முடிந்து திரும்பச் சொல்வதே இப்போதைக்குச் சமூக மருத்துவமனைகளுக்கு இருக்கும் வழி.

இதற்கிடையில் மாவட்டமும் மாறிவிட்டது. 2008இல் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதே ஆண்டு 108 ஊர்தி ஓடத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறைவைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தது. வீடு தேடி மருந்து கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அப்படியானால் சிட்லிங்கி போன்ற மருத்துவமனை இனித் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. பாம்பு கடித்த இரவில் பள்ளத்தாக்கிலிருந்து தருமபுரி வரை போகும் நேரத்தை எண்ணிப் பார்த்தால், தேவை என்பதே என் விடை. அரசு மருத்துவர் மாறுதலில் போவார், அது பணியின் இயல்பு. மாறாமல் இருப்பவர்களும் ஒரு பள்ளத்தாக்குக்கு வேண்டும்.

மூன்றாம் தலைமுறை

இன்னும் தீராத ஒன்று உள்ளது. அறுவை செய்யவும் மயக்க மருந்து கொடுக்கவும் வரும் மருத்துவர்கள் இன்றும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வர வேண்டியிருக்கிறது. ஈடுபாட்டோடு வருகிறார்கள், சில ஆண்டுகள் தருகிறார்கள், பிள்ளைகளின் படிப்பு வரும்போது கிளம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளத்தாக்கிலேயே பிறந்த ஒரு பெண் மருத்துவராகித் திரும்பினால்தான் இந்த வரிசை முழுமை பெறும்.

அதற்கான வாசல் மிகக் குறுகல். தமிழகத்தில் பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு ஒரு விழுக்காடு. மலையாளியர், இருளர், குறும்பர், தோடர் என்று எல்லாப் பழங்குடியினருக்கும் சேர்த்து அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 விழுக்காடு, மலைச் சிற்றூர்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. நீட் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையங்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் இருக்கின்றன, கட்டணம் ஒரு மஞ்சள் வெள்ளாமையை விழுங்கும். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது இந்த வாசலைச் சற்று அகலப்படுத்தியிருக்கிறது. கோட்டப்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு இன்று கைக்கு எட்டும் தொலைவில் ஓர் இடமாவது இருக்கிறது என்று பொருள்.

சென்ற ஆண்டு பாட்டி ஊரில் என் சித்தியைப் பார்த்தேன். மருத்துவப் பட்டப்படிப்புக்கு எத்தனை ஆண்டு என்று கேட்டார். ஐந்தரை என்றேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியை அருகில் கூப்பிட்டு, "உயிரியல் எடுத்துக்க கண்ணு" என்றார்.